செருப்ப வெளிய வுடு மாமா

போன மாதம் ஒரு சாயங்காலம் என் மகள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அம்மா, இந்தப் பாட்டுதான் இப்ப செம டிரெண்டிங்" என்றாள். யாரோ வளர்க்கும் பூனை ஒன்று வாசற்படியில் நின்றுகொண்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. பின்னணியில் ஒரு கீச்சுக் குரல், 'செருப்ப வெளிய வுடு மாமா, செருப்ப வெளிய வுடு' என்று பாடுகிறது. நான் கையிலிருந்த முருங்கைக்கீரையை அப்படியே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தேன். பூனைக்காகத்தான் சிரிக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வில்லியனூரில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறோம். மத்தியானத்தில் கூட்டம் இருக்காது. அடுத்த சில நாள் மத்தியானங்களை அந்தப் பாட்டின் பூர்வீகத்தைத் தேடுவதிலேயே கழித்தேன். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் வந்த சிரிப்புப் பாட்டு அது. வயலில் எலி பிடிக்கப் போன ஒருவன் எலிப் பொந்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறான். உள்ளே எலியின் குடும்பம் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரி எலி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை என்று எண்ணி, செருப்பை வெளியே விடச் சொல்கிறது. கதை அவ்வளவுதான். படத்துக்கு முன்னால் கூத்துகளில் கோமாளி இதைப் பாடிக்கொண்டு வந்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். படத்துக்குப் பிறகு எலி மருந்து விளம்பரத்தில் வந்தது. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ரீமிக்ஸ் என்ற பெயரில் அதே பாட்டுக்குப் பத்துப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடினார்கள். தேர்தல் வந்தபோது செருப்பை எடுத்துவிட்டு நாற்காலியைப் போட்டு, 'நாற்காலிய வுடு மாமா' என்று ஆட்டோவில் கட்டி ஊர் ஊராகப் பாடினார்கள். இப்போது பூனை. பூனை வீடியோவுக்குக் கீழே ஒரு பையன், இது கொரியாவிலிருந்து சுட்ட மெட்டு என்று அடித்துச் சொல்லியிருந்தான். அவனுக்கு நீளமாக ஒரு பதில் எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

அதே பாட்டு எங்கள் வீட்டில் செய்த வேலை மட்டும் எங்கேயும் எழுதப்படவில்லை.

பாகூரை அடுத்த ஒரு ஊரில் எங்கள் வீடு. நெல்லும் கரும்பும் அப்பாவின் பயிர். ஊரில் வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு எதுவானாலும் அப்பா வந்து ஒரு வார்த்தை சொன்னால் அடங்கிவிடும். அந்த ஒரு வார்த்தையையும் அவர் சிக்கனமாகத்தான் சொல்வார். சிரிப்பு விஷயத்தில் அதைவிடச் சிக்கனம். திருவிழாவில் கோமாளி குட்டிக்கரணம் அடித்து ஊரே உருளும்போது, அப்பா மட்டும் சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல மீசையைத் தடவிக்கொண்டிருப்பார்.

நான் ஏழாவது படிக்கும்போது அவர் ஒரு கைப்பேசி வாங்கினார். பொத்தான் வைத்த சின்ன ஃபோன். கரும்பு வெட்ட ஆலையிலிருந்து உத்தரவு வரவேண்டும், அதை ஃபோனிலேயே சொல்கிறார்கள் என்று யாரோ சொன்னதால் வாங்கியது. அது அடித்தால் அப்பா முதலில் துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் எடுப்பார்.

அந்த ஃபோனில் ஒரு நாள் ஒரு பெண் குரல் வந்தது. மனிதப் பெண் அல்ல, கம்பெனியின் பதிவு செய்த குரல். காலர் ட்யூன் என்று ஒன்றை அப்போது ஊரெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார்கள். நம்மை யாராவது கூப்பிட்டால், நாம் எடுக்கும்வரை அவர்களுக்கு ட்ரிங் ட்ரிங் என்று கேட்பதற்குப் பதிலாக ஒரு பாட்டுக் கேட்கும். அதை வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் அந்தக் குரல் கேட்டது. அப்பா அப்போது மோட்டார் கொட்டகையில் இருந்தார். மோட்டார் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்திருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். "சொல்லும்மா" என்றார் அப்பா. குரல் சொல்லிக்கொண்டே போனது. "ஆலையிலேர்ந்தா பேசுற? யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ?" என்றார். குரல் ஊர் பெயர் எதுவும் சொல்லாமல், தொடர எண் ஒன்றை அழுத்தச் சொன்னது. அப்பா ஒன்றை அழுத்தினார். உறுதி செய்ய மறுபடியும் ஒன்றை அழுத்தச் சொன்னது. கரும்பு வெட்டுவதற்குத்தான் கேட்கிறார்கள் என்ற நினைப்பில் இன்னும் பலமாக அழுத்தினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஆலையிலேர்ந்து ஒரு பொண்ணு பேசுச்சி. இன்னா சொல்லுச்சின்னு முழுசா புரியல. ஆனா நல்ல மரியாதையா பேசுச்சி" என்றார்.

காலர் ட்யூனில் ஒரு விசேஷம் உண்டு. கூப்பிடுகிற உலகத்துக்கெல்லாம் அது கேட்கும், வைத்திருப்பவருக்கு மட்டும் கேட்காது. அன்றிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டவர்கள் அத்தனை பேருக்கும் எலி பாடியது. ரீமிக்ஸ் வந்த சூட்டில் கம்பெனி அந்தப் பாட்டைத்தான் ஊர் முழுக்கத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது. கீச்சுக் குரலில் செருப்பை வெளியே விடச் சொல்லி முடித்தவுடன், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அப்பாவின் கனத்த குரல், "யாருங்க" என்று கேட்கும். ஆலையிலிருந்து நிஜமாகவே கூப்பிட்டவர், தவறான நம்பர் என்று நினைத்து இரண்டு தடவை வைத்துவிட்டாராம். கோயில் தர்மகர்த்தா என்ன பேசக் கூப்பிட்டோம் என்பதையே மறந்துவிட்டாராம். ஆனால் அப்பாவிடம் போய், "உங்க ஃபோன்ல எலி பாடுது" என்று சொல்கிற தைரியம் ஒருவருக்கும் வரவில்லை.

பெரியவர்களுக்கு இல்லாத தைரியம் பிள்ளைகளுக்கு இருந்தது. தெருமுனைக் கடையில் காசு போட்டுப் பேசுகிற மஞ்சள் ஃபோன் ஒன்று தொங்கியது. எதிர்முனையில் எடுத்த பிறகுதான் அதில் காசு போட வேண்டும். ஆக, எடுப்பதற்குள் வைத்துவிட்டால் பாட்டு இலவசம். பள்ளிக்கூடம் விட்டதும் அந்த ஃபோனுக்கு முன்னால் வரிசை நிற்கும். அப்பா துண்டைச் சரிசெய்து, எடுத்து, "யாருங்க" என்பதற்குள் வைத்துவிடுவார்கள். "ஓயாம கூப்புடுறானுங்க. எடுத்தா வச்சிடுறானுங்க" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் அந்த அலுப்பில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். தனக்கு ஊரில் இவ்வளவு தேவை இருப்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி என்னை அந்த வரிசையில் நிறுத்திக் கேட்க வைத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பவில்லை. தீப்பெட்டி வாங்கப் போகிறவள் போல என்னோடு கடைக்கு வந்து, மஞ்சள் ஃபோனைக் காதில் வைத்தாள். கேட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது சிரிப்பினால்தான் என்று முதலில் நினைத்தேன். வரும் வழியில், "அப்பாவாண்ட சொல்லாத. இருந்துட்டுப் போவட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

அம்மாவுக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒரு தம்பி. காட்டேரிக்குப்பத்தில் இருந்தார். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனையும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆக எனக்கு அவர் மாமா, அவருக்கு என் அப்பா மாமா. கல்யாணமான புதிதில் மறுவீட்டு விருந்துக்குப் போன அப்பா, மாமனார் வீட்டு வாசலில் புதுச் செருப்போடு விறைப்பாக நின்றிருக்கிறார். அரைக்கால் சட்டை போட்டிருந்த மாமா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எலிக் குரலில், 'செருப்ப வெளிய வுடு மாமா' என்று பாடியிருக்கிறார். எல்லோரும் பயந்துபோய்ப் பார்க்க, அப்பா வாய்விட்டுச் சிரித்தாராம். அப்பா அப்படிச் சிரித்ததாக அம்மா எங்களிடம் சொன்னது அந்த ஒரு சம்பவம்தான். மாமா வளர்ந்து மீசை வைத்த பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று அந்தக் குரலில் ஒரு வரி பாடாமல் உள்ளே வரமாட்டார்.

பிறகு நாங்கள் வீடு கட்டினோம். புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் மாமாவின் பெயர், அப்பாவின் பங்காளிகள் பெயருக்கெல்லாம் கீழே போய்விட்டது. அச்சகத்துக்காரர் இடம் போதவில்லை என்று இறக்கிவிட்டார் என்பது அப்பாவின் கட்சி. "அக்கா வூட்டு பத்திரிகையில என் பேர கடைசியில போட்டுட்டாங்களே" என்பது மாமாவின் கட்சி. விழாவுக்கு வந்தவர் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போனார். அப்பா, போனவர் போகட்டும் என்று விட்டுவிட்டார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. அம்மாதான் இடையில் மாட்டிக்கொண்டாள். நல்ல நாள் வந்தால் அவள் சமையலறையில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதனால் என் தம்பிக்குக் காது குத்துவது தள்ளிக்கொண்டே போனது. குலதெய்வத்துக்கு மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். தம்பிக்கு முடி தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது. நான் ரெட்டை சடை பின்னிவிட்டால், தெருவில் போகிறவர்கள் ரெண்டும் பொட்டைப் பிள்ளையா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். தை மாதம் குத்திவிடுவது என்று அப்பா நாள் குறித்தார். மாமாவை நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்கும்படி அம்மா கெஞ்சினாள். "வயசுல சின்னவன். அவன் வரட்டும்" என்றார் அப்பா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் சேலியமேட்டில் இருந்தார், அவர் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று முடிவும் செய்துவிட்டார். அம்மா சமையலறைக்கு வந்து, "என் தம்பி மடி இல்லாம புள்ளைக்கு காது குத்துனா, நான் அந்த எடத்துல நிக்க மாட்டேன்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அப்பாவிடம் சொல்ல முடியாததை எல்லாம் அவள் என்னிடம்தான் சொல்வாள்.

சேலியமேட்டு விஷயம் எப்படியோ காட்டேரிக்குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாமாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தான் உயிரோடு இருக்கும்போது இன்னொருவன் மடியா? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு, ஜென்மத்துக்கும் உறவை முறித்துக்கொள்வது என்று அப்பாவின் நம்பரைப் போட்டிருக்கிறார். நாலு வார்த்தையையும் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு காதில் வைத்தால், எலி பாடுகிறது.

அவர் என்ன நினைத்தார் என்பதைப் பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார். அப்பா இறங்கி வந்துவிட்டார், வாயால் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பாட்டாக வைத்திருக்கிறார், தனக்கென்றே வைத்திருக்கிறார் என்று நினைத்தாராம். கூப்பிடுகிற ஊருக்கெல்லாம் கேட்குமே என்றுகூடப் பார்க்காமல், அப்படிப்பட்ட மனிதர் இதைச் செய்திருக்கிறாரே என்று நினைத்தபோது அடுக்கி வைத்திருந்த நாலு வார்த்தையும் மறந்துபோனதாம். அப்பா எடுப்பதற்குள் ஃபோனை வைத்துவிட்டு, போட்டிருந்த கைலியோடு வண்டியை எடுத்தார்.

எங்கள் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றபோது அப்பா வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் தகராறு ஒன்றுக்காக வந்த நாலு பேர் எதிரே நின்றிருந்தார்கள். மாமாவைப் பார்த்ததும் அம்மா வாசற்படியில் வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். மாமா யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மாமா நீங்க. நேர்ல கூப்ட்டா வர மாட்டனா? இதுக்குப் போயி செல்லுல பாட்டு வச்சிக்கினு" என்றார்.

"இன்னா பாட்டு?" என்றார் அப்பா.

வாய்க்கால்காரர்கள் நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் வாயைத் திறந்து, அது கம்பெனிக்காரன் தவறுதலாகப் போட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாமா வந்த வழியே திரும்பியிருப்பார். அப்புறம் எந்தக் காலத்திலும் வந்திருக்க மாட்டார். அம்மா அவசரமாக, "மொதல்ல உள்ள வாடா. ஒரு வாய் சாப்புடு" என்றாள்.

மாமா விடவில்லை. அப்பா வெட்கத்தில் தெரியாதது போலக் கேட்கிறார் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். "தெரியாத மாதிரி கேக்குறாரு பாரு" என்று சொல்லிக்கொண்டே தன் ஃபோனில் நம்பரைப் போட்டு, அப்பாவின் காதில் வைத்தார். அப்பாவின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது.

அப்பா கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மீசையில் கைகூடப் போகவில்லை. பாதியில் பிடுங்கி எறிந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். அவரோ பாட்டு தானாக நிற்கும்வரை கேட்டார். பிறகு நாலு வாய்க்கால்காரர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். வாசற்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அவளை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார் என்று எனக்கு ஞாபகம்.

ஃபோனை மாமாவிடம் கொடுத்தார். "செருப்ப வெளிய வுட்டுட்டு உள்ள வா. சாப்புடலாம்" என்றார்.

மாமா உண்மையில் செருப்புக் காலோடுதான் படியில் ஏறப் போயிருந்தார். அதனால் அப்பா திட்டினாரா பாடினாரா என்பதைப் பற்றி ஊரில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். மாமாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. செருப்பை உதறிவிட்டு, சின்னப் பையன் போலக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அம்மா இலை போட்டுப் பரிமாறினாள். நெத்திலிக் குழம்பும் சுட்ட அப்பளமும்தான். மாமா மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவும் சாப்பிட்டார். பத்திரிகை பற்றி ஒருவரும் பேசவில்லை.

தை மாதம் தம்பிக்கு மாமா மடியில் வைத்துக் காது குத்தினார்கள். தட்டு வைத்து அழைக்க அப்பாவே அம்மாவைக் கூட்டிக்கொண்டு காட்டேரிக்குப்பம் போய் வந்தார். காதுகுத்துப் பத்திரிகையில் மாமாவின் பெயர் சாமி படத்துக்கு அடுத்தபடியாக இருந்தது. மைக் செட்டுக்காரர் விஷயம் தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பாட்டைப் போட்டுவிட்டார். தம்பி அது தனக்கென்று போட்ட பாட்டு என்று நினைத்துக்கொண்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மாமா மடியில் உட்கார்ந்து கைதட்டினான். ஆசாரி ஒரு காதில் குத்தியதும் அவர் விரலைக் கடித்துவிட்டான். இன்னொரு காதுக்கு மாமா எலிக் குரலில் பாடிப் பாடித்தான் அவனை அடக்க வேண்டியிருந்தது. அம்மா அன்றைக்குக் கட்டியிருந்த அரக்குப் பட்டும், அவள் வெற்றிலை போட்டுச் சிவந்திருந்த வாயும் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கின்றன. அவ்வளவு அழகாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பந்தி முடிந்ததும் அம்மா அப்பாவிடம், "இனிமேட்டு அந்தப் பாட்ட எடுத்துடுங்க. ஆலைக்காரங்க இன்னா நெனைப்பாங்க" என்றாள். "எடுக்கலாம், எடுக்கலாம்" என்றார் அப்பா.

மத்தியானம் வந்தவர்கள் எல்லாம் கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் படுத்துவிட்டார்கள். மாமா வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவர் தலைமாட்டில் வைத்திருந்த ஃபோன் காணவில்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். வைக்கோல் போருக்குப் பின்னால் அப்பா தனியாக நின்றுகொண்டிருந்தார். மாமாவின் ஃபோன் அவர் காதில் இருந்தது. அவருடைய ஃபோன் அவர் சட்டைப்பையில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, உங்க ஃபோன் அடிக்குது" என்றேன்.

"அடிக்கட்டும்" என்றார். அடித்து ஓய்ந்தது. மாமாவின் ஃபோனில் மறுபடியும் எதையோ அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார். நான் நிற்பதையே மறந்துவிட்டது போலிருந்தது. வெயிலுக்குக் கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் லேசாக அசைந்தது.

நான் உள்ளே ஓடி, பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒன்றும் தெரியாதவள் போலச் சொன்னேன். "அம்மா, அப்பா பின்னால நின்னுக்கினு யாருக்கோ ஃபோன் போட்டுக்கினே கீறாரு. பாவம், அவங்க எடுக்கவே மாட்டேங்கறாங்க."